வீட்டுக் கழிவுக்கு ஒரு கணக்கு

கமக்காரர் ஒவ்வொருவரும் தம் வயலின் வரவையும் செலவையும் ஓரளவேனும் அறிவர். ஓர் ஏக்கருக்கு எத்தனை புசல் விதைநெல் சென்றது, உழவுக் கூலி எவ்வளவு, பசளைக்கு எவ்வளவு, சூடடித்தபின் எத்தனை மூடை நெல் வீடு வந்தது எனக் கேட்டால் உடனே விடை கூறுவர். ஆனால், நாள்தோறும் தம் வீட்டிலிருந்து எறியப்படும் பொருள் எவ்வளவு எனக் கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. எறியப்படுவது குப்பை, குப்பைக்குக் கணக்கு எதற்கு என்பதே பொதுவான எண்ணம்.

வீட்டிற் கழிவாவன யாவும் ஒன்றிற் தோட்டத்திலும் வயலிலும் விளைந்தவை. அன்றேற் காசு கொடுத்து வாங்கப்பட்டவை. ஆகவே கழிவு என்பது குடும்பச் செலவின் ஒரு பகுதியாகும். அளவு தெரியாத செலவை எவராலும் குறைத்தல் இயலாது. வீட்டுக் கழிவை அளந்து எழுதுவதனாலும், எழுதியதைக்கொண்டு குறைப்பதனாலும், எஞ்சியதை எருவாக்குவதனாலும் பெறக்கூடிய பயன்கள் இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

கழிவைக் கவனியாது விடுவதால் விளையும் கேடுகள்

வேலியோரத்திலும் வீதியோரத்திலும் எறியப்படும் கழிவு எவ்விடத்துக்கோ போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். 2017 ஆம் ஆண்டு சித்திரை மாதம் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளிலேயே, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து வீடுகளின்மேல் வீழ்ந்தது. 30 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலுள்ள குப்பைமேட்டிற் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. உணவு மணம் பற்றிய பொலித்தீனைக் கறவைப் பசுவும் ஆடும் தின்னும். அது வயிற்றிற் சமிக்காது தங்கிக் கால்நடையைக் கொல்லும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கேடு வேறு வழியாலும் வரும். அங்கு வற்றாத ஆறு இல்லை. குடிப்பதற்கும் பயிர்க்கும் கிணற்று நீரே ஆதாரம். அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாக, மேலே தேங்கும் அழுக்குநீர் விரைவிற் கீழிறங்கிக் கிணற்றை அடையும். நாட்டின் எப்பகுதியிலாயினும், கவனியாது கிடக்கும் சிரட்டை, ரின், யோகட் கோப்பை ஆகியவற்றில் மழைநீர் தேங்கினால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு அதில் முட்டையிட்டு ஏழு முதற் பத்து நாட்களுள் வளர்ந்து பறக்கும்.

கழிவின் நான்கு வகைகள்

கணக்கெடுப்பதற்கு முன்னர்க் கழிவை வகைப்படுத்துதல் வேண்டும். நான்கு வகைகள் போதுமானவை.

(1) உக்குவன: காய்கறித் தோல், பழத்தோல், தேங்காய்ச் சக்கை, தேயிலைச் சக்கை, முட்டைக்கோது, எஞ்சிய சோறு கறி, முற்றத்துச் சருகு.

(2) மீளப் பயன்படுவன: கடதாசி, அட்டைப்பெட்டி, போத்தல், ரின், பழைய இரும்பு, சாக்கு.

(3) பொலித்தீனும் மெல்லிய பிளாஸ்டிக்கும்: கடைப் பைகள், பொதியுறைகள், சிறு பைக்கற்றுகள்.

(4) ஆபத்தானவை: பூச்சிநாசினி, களைநாசினிப் போத்தல்கள், மின்கலங்கள், உடைந்த மின்குமிழ்கள், காலாவதியான மருந்துகள்.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு கடகம் அல்லது பழைய வாளி வைக்கப்படல் வேண்டும். நான்காம் வகைக்குரியது மூடியுள்ளதாயும் பிள்ளைகளின் கைக்கு எட்டாததாயும் இருத்தல் அவசியம்.

கணக்கெடுக்கும் முறை

இதற்குத் தேவையானவை ஒரு கொப்பி, ஒரு பென்சில், தோட்டத்து விளைவை நிறுக்கும் ஒரு தராசு ஆகியனவே. கொப்பியின் ஒரு பக்கத்தில் ஐந்து நிரல்கள் கீறி, முதல் நிரலிற் திகதியையும் ஏனைய நான்கிற் கழிவின் நான்கு வகைகளையும் குறித்தல் வேண்டும். நாள்தோறும் மாலையிற் குசினி வேலை முடிந்தபின் எழுதுவது வசதியானது. எழுதும் பொறுப்பைப் பள்ளி செல்லும் பிள்ளை ஒன்றிடம் ஒப்படைப்பின், கணக்குத் தவறாது நடப்பதோடு பிள்ளைக்கும் அது ஒரு பயிற்சியாகும்.

உக்கும் கழிவு நிறுக்கப்படல் வேண்டும். பொலித்தீனை நிறுப்பதாற் பயனில்லை. நூறு பைகள் சேர்ந்தாலும் அதன் நிறை சிறிதே. ஆகையால் அதனை எண்ணுதல் வேண்டும். எறியப்படும் சோற்றை மற்றைய உக்கும் கழிவுடன் கலக்குமுன் தனியே நிறுத்து, அந்நிரலிலேயே தனியாகக் குறித்தல் நன்று.

முதற் கிழமையில் எவ்வித மாற்றமும் செய்யாது, வழமைபோல வாழ்ந்து எழுதுதல் வேண்டும். இல்லையேல் உண்மையான அளவு தெரியவராது. இரண்டாம் கிழமை தொடக்கம் ஒவ்வொரு குறையாகத் திருத்தலாம். திருவிழா, விருந்து, அறுவடை ஆகிய நாட்களிற் கழிவு கூடுமாதலால் அந்நாட்களை அடையாளமிடுதல் வேண்டும். இக்கணக்கு சமைத்தவரையோ உண்டவரையோ குற்றம் காண்பதற்காக எழுதப்படுவதன்று. அவ்வாறு பயன்படுத்தினால் மூன்றாம் நாளிலேயே உண்மை மறைக்கப்படும்; கணக்கும் பயனற்றதாகும்.

கணக்குக் காட்டும் உண்மை

ஒரு குடும்பத்தில் நாளொன்றுக்கு 100 கிராம் அரிசியின் சோறு எறியப்படுவதாக வைத்துக்கொள்வோம். உலைமூடியில் அது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆனால், ஓர் ஆண்டில் அது 36½ கிலோகிராம் அரிசியாகும். நெல்லைக் குற்றும்போது நூற்றுக்கு 65 பங்கு அரிசி கிடைக்கும் எனக் கொண்டால், அதற்கு வேண்டிய நெல் ஏறத்தாழ 56 கிலோகிராம். அதாவது இரண்டரைப் புசலுக்கு மேல். உழுது, விதைத்து, நீர் பாய்ச்சி, களை பிடுங்கி, காவல் இருந்து விளைவித்த நெல் இது. இரண்டரைப் புசல் நெல்லை ஒருவர் வாய்க்காலிற் கொட்டினால் ஊரே திரண்டு கேட்கும். நாளுக்கு ஒரு கைப்பிடியாகக் கொட்டப்படுவதைக் கேட்பார் இல்லை.

இதைத் தடுக்கும் வழிகள் எளியவை. அரிசியைக் கைமதிப்பாக இடாது, உண்பவர் தொகையைக் கேட்டறிந்து சுண்டால் அளந்து உலையில் இடுதல் வேண்டும். இரவில் எஞ்சிய சோற்றைக் கெடாத நிலையில் நீரூற்றி வைத்துக் காலையிற் பழஞ்சோறாக உண்பது நம் முன்னோரின் வழக்கமாகும். கெடாத கஞ்சியும் கழுநீரும் மாட்டுக்கு உரியன. முற்றிய காய், சந்தையில் விலைபோகாத காய் ஆகியவற்றை வற்றலாக்கியும் ஊறுகாயாக்கியும் சேமிக்கலாம். கொப்பியின் சோற்றுக் கணக்கு கிழமைக்குக் கிழமை குறைந்து வருவதைக் காணின், இவ்வழிகள் பயன் தருவதை அறியலாம்.

பொலித்தீன் கணக்கும் இவ்வாறானதே. நாளுக்கு நான்கு பைகள் வீடு வந்தால் ஆண்டுக்கு 1,460 பைகளாகும். சந்தைக்குப் போகும்போது இரு துணிப்பைகளையும், மீன் வாங்க ஒரு பனையோலைப் பறியையும் கொண்டுசெல்வதே இத்தொகையிற் பெரும்பகுதியைக் குறைக்கும். லஞ்ச் சீற் எனப்படும் உணவு சுற்றும் பொலித்தீன் தாளுக்கும் ரெஜிபோம் உணவுப் பெட்டிக்கும் 2017 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திற் தடை விதிக்கப்பட்டது. வயலுக்குக் கட்டிச் செல்லும் சோற்றுக்கு வாழையிலையும் அடுக்குப் பாத்திரமும் எக்காலத்தும் உள்ளன.

பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் வெளியிடத்தில் எரித்தல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டதாகும். அப்புகையிலுள்ள நச்சுப் பொருள்கள் எரிப்பவரின் சுவாசத்திற் கலப்பதோடு, அருகிலுள்ள கீரைப் பாத்தியின்மேலும் படியும். அடுப்பு மூட்டுவதற்குப் பொலித்தீன் துண்டைக் கொளுத்தும் வழக்கமும் கைவிடப்படல் வேண்டும்.

உக்கும் கழிவை எருவாக்கல்

குறைக்கக்கூடியதைக் குறைத்தபின் எஞ்சும் உக்கும் கழிவு தோட்டத்துக்கு உரியதாகும். குசினிக் கழிவிற் நைதரசனும் நீரும் அதிகம். வைக்கோல், சருகு ஆகியவற்றிற் காபன் அதிகம். கழிவை உக்கச் செய்யும் நுண்ணங்கிகளுக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு வரையான காபன் தேவை. குசினிக் கழிவை மட்டும் குவித்தால் அழுகி நாறும். வைக்கோலை மட்டும் குவித்தால் நெடுங்காலம் உக்காது கிடக்கும். நிறையளவில் இரண்டு பங்கு ஈரமான குசினிக் கழிவுக்கு ஒரு பங்கு உலர்ந்த சருகு அல்லது வைக்கோல் சேர்ப்பின் ஏறத்தாழச் சரியான கலவை கிடைக்கும்.

நிழலான, வெள்ளம் தேங்காத, கிணற்றுக்குத் தொலைவான மேட்டில் இரு கூடுகள் அமைத்தல் வேண்டும். சீமைக்கிளுவைக் கதியால்களை நட்டு வரிந்து, நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீற்றராகக் கூட்டை அமைக்கலாம். அடியிற் சுள்ளிகளைப் பரப்பிக் காற்றோட்டம் ஏற்படுத்தி, நாள்தோறும் குசினிக் கழிவை இட்டு, அதன்மேற் சருகாலும் சிறிது பழைய எருவாலும் மூடுதல் வேண்டும். சாணக் கரைசலும் சீமைக்கிளுவை இலையும் சேர்ப்பின் உக்குதல் விரைவாகும். முதற் கூடு நிறைந்ததும் இரண்டாம் கூட்டைத் தொடங்கி, முதலாவதை இரு கிழமைக்கு ஒருமுறை புரட்டிவிடல் வேண்டும்.

குவியலின் உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடையில் ஓரிரு துளி நீரே கசியும் அளவுக்கு ஈரம் இருத்தல் நன்று. காலபோக மழையின்போது கிடங்கில் நீர் நிறைந்துவிடுமாதலால் நிலத்தின்மேற் குவிப்பதே ஏற்றது. கிடுகால் மூடியும் வைக்கலாம். மூன்று மாதமளவிற் குவியல் கருநிறமடைந்து, சூடு தணிந்து, மழை பெய்த மண்ணின் மணம் வீசும். எரு முதிர்ந்ததோ என ஐயம் இருப்பின், ஒரு சிரட்டையில் இட்டுச் சில பயற்றம் விதைகளை முளைக்கவைத்துப் பார்க்கலாம். முளை வாடினால் எரு இன்னும் முதிரவில்லை. முதிராத எரு மண்ணிலுள்ள நைதரசனைத் தான் கவர்ந்து பயிரை மஞ்சளாக்கும்.

எரு எவ்வளவு கிடைக்கும்?

நாளுக்கு 2 கிலோகிராம் குசினிக் கழிவும் 1 கிலோகிராம் சருகும் சேர்க்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உக்கி முடிந்தபின் மூன்றிலொரு பங்கு எஞ்சுமெனின், நாளுக்கு ஒரு கிலோகிராம், ஆண்டுக்கு 365 கிலோகிராம் கூட்டெரு கிடைக்கும். மரக்கறிப் பயிருக்கு ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிலோகிராம் வீதம் இடின், 16 பரப்பு ஓர் ஏக்கர் எனக் கொள்ளும் கணக்கில், ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 250 கிலோகிராம் போதுமானது. எஞ்சிய நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட எரு வளவிலுள்ள வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் உதவும்.

இவ்வெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் உண்டெனக் கொண்டால், முழுவதிலும் உள்ளது ஏறத்தாழ 3½ கிலோகிராம்; 8 கிலோகிராம் யூரியாவில் உள்ள அளவு. அதுவும் யூரியாவைப்போல் உடனே கிடைக்காது, சிறிது சிறிதாகவே பயிருக்குக் கிடைக்கும். ஆகவே வீட்டுக் கழிவு மட்டும் வயலுக்கும் தோட்டத்துக்கும் போதுமெனக் கருதுதல் தவறாகும். கூட்டெருவின் சிறப்பு, மண்ணை இளக்கி, நீரையும் போசணையையும் பிடித்துவைக்கும் தன்மையை வளர்ப்பதிலேயே உள்ளது. வயலுக்கு வேண்டிய சேதனப் பொருளை வைக்கோலே தரவல்லது. அதனை எரித்தால் அதிலுள்ள நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும்.

2021 ஆம் ஆண்டு வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, கார்த்திகையில் அத்தடை நீக்கப்பட்டது. அப்போகத்திற் கூட்டெருவைத் தேடியலைந்தோர் பலர். எருவை ஒரு நாளில் ஆக்கல் இயலாது என்பதும், வளவிலே எப்போதும் ஒரு குவியல் முதிர்ந்துகொண்டிருத்தல் வேண்டும் என்பதும் அக்காலத்திற் கிடைத்த பாடங்களாகும்.

குவியலிற் சேர்க்கத் தகாதவை

(1) வாடல் நோயுற்ற கத்தரி, தக்காளி, மிளகாய்ச் செடிகள். வீட்டுக் குவியல் சிறிதாகையால், நோய்க்கிருமியைக் கொல்லும் 55 பாகை செல்சியசு அளவான சூடு அதில் எங்கும் ஏற்படும் என நம்புதல் இயலாது. இவற்றைத் தோட்டத்துக்குப் புறம்பாக, நீரோட்டமில்லாத இடத்தில் ஆழப் புதைத்தல் வேண்டும்.

(2) விதை முற்றிய களைகள், சிறப்பாகப் பாத்தீனியம்.

(3) மீன், இறைச்சிக் கழிவுகள். இவை நாயையும் எலியையும் அழைக்கும். தென்னையைச் சுற்றி ஆழப் புதைத்தல் நன்று.

(4) மிகுந்த சாம்பல். விறகுச் சாம்பலிற் பொற்றாசியம் உண்டு. எனினும் அது காரத்தன்மையுடையது. காரத்தன்மை பொருந்திய குடாநாட்டு மண்ணுக்குச் சாம்பலை அளவோடு இடல் வேண்டும். சாம்பலை யூரியாவுடன் கலத்தல் ஆகாது. நைதரசன் வாயுவாகிப் போய்விடும்.

(5) பூச்சிநாசினிப் போத்தல்கள். மருந்து முடிந்ததும் போத்தலை மும்முறை கழுவி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயிருக்குத் தெளித்தல் வேண்டும். கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கழுவலாகாது. பின் போத்தலைத் துளையிட்டு, வேறெதற்கும் பயன்படாதவாறு தனியே வைத்தல் வேண்டும். அதில் எண்ணெயோ நீரோ நிரப்பி வைத்தல் உயிருக்கே ஆபத்தானது.

கிழமைக்கு ஒருமுறை

கிழமையில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, கொப்பியின் தொகைகளைக் கூட்டி முன்னைய கிழமையுடன் ஒப்பிடல் வேண்டும். அந்நாளிலேயே வளவைச் சுற்றிவந்து நீர் தேங்கிய பாத்திரங்களைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவின், நுளம்பு பறக்குமுன் அழிக்கப்படும். மீளப் பயன்படுவனவற்றைப் பழம்பொருள் வாங்குவோருக்கு விற்கலாம். எஞ்சியதை உள்ளூராட்சிச் சபை எடுத்துச்செல்லும் நாளில், வகைவகையாகவே கையளித்தல் வேண்டும்.

மூன்று மாதம் தொடர்ந்து எழுதிய வீட்டில் நான்கு பயன்களைக் காணலாம்: உலையில் இடும் அரிசி குறைந்திருக்கும், கடைப் பைகள் குறைந்திருக்கும், வளவு துப்புரவாயிருக்கும், முதற் கூட்டின் எரு பாத்திக்கு ஆயத்தமாயிருக்கும். அடுத்த போகத்துக்கு நாற்றுமேடை கட்டும்போது அவ்வெரு கைகொடுக்கும். ஆதலால் கமக்காரர் இக்கிழமையே ஒரு கொப்பியை எடுத்து முதல் நாளின் கணக்கை எழுதத் தொடங்குவாராக.