ஒரு கோப்பை மாவு எத்தனை கிராம்?

அமெரிக்க நாட்டுச் சமையல் புத்தகம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கேக் செய்யும் பக்கத்தில், “மைதா மாவு 2 கோப்பை, சர்க்கரை 1 கோப்பை” என்றுதான் பெரும்பாலும் இருக்கும். நாமோ மாவையும் சர்க்கரையையும் கிராம் கணக்கில் வாங்குகிறோம். கோப்பையைக் கிராமாக மாற்றுவது எப்படி?

அமெரிக்கச் சமையல் கோப்பையின் கன அளவு ஏறக்குறைய 237 மில்லி லிட்டர். “ஒரு மில்லி லிட்டர் நீரின் எடை ஒரு கிராம். ஆகவே 2 கோப்பை மாவு 474 கிராம்” என்று ஒரு மாணவன் கணக்கிட்டால் என்ன ஆகும்? அவனுடைய கேக் கல்லாகிவிடும்! கரண்டியால் மெதுவாக இட்டு நிரப்பிய 2 கோப்பை மைதாவின் எடை ஏறத்தாழ 240 கிராம்தான். மாவு மிகுந்தால் அது பாலையும் முட்டையையும் உறிஞ்சிக்கொள்ளும், கலவை இறுகிவிடும்.

ஒரு கோப்பைச் சர்க்கரை ஏறத்தாழ 200 கிராம். இதுவும் நீரைவிடக் குறைவே. ஆனால் சர்க்கரைப் படிகம் நீரில் மூழ்குகிறதே! அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.59 கிராம். பின் எடை குறைவது ஏன்?

கோப்பையில் சர்க்கரை மட்டும் இல்லை. படிகங்களுக்கு இடையே காற்றும் இருக்கிறது. 200 கிராம் சர்க்கரை அடைக்கும் இடம் 200 ÷ 1.59 = 126 மில்லி லிட்டர். மீதி 111 மில்லி லிட்டர் வெறும் காற்று! காற்றிடைவெளிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அடர்த்தியைப் ‘பரும அடர்த்தி’ என்பர். சர்க்கரைக்கு இது 200 ÷ 237 = 0.84; மைதாவுக்கு 120 ÷ 237 = 0.51.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடி டம்ளரில் மைதாவைக் கரண்டியால் மெதுவாக இட்டு நிரப்புங்கள். அளவுகோலின் விளிம்பால் தலை தட்டி, மாவை எடை போடுங்கள். மீண்டும் அதே போல் நிரப்பி, டம்ளரை மேசைமேல் இருபது முறை மெல்லத் தட்டுங்கள். மாவின் மட்டம் இறங்குவதைக் காண்பீர்கள். குறைந்த இடத்தையும் நிரப்பி, மறுபடி எடை போடுங்கள். அதே டம்ளர், அதே மாவு. எடை மட்டும் கூடியிருக்கும்! இதையே சர்க்கரையில் செய்தால் வேறுபாடு குறைவாக இருக்கும்.

காரணம் என்ன? மாவுத் துகள்கள் மிக நுண்ணியவை. அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நடுவே வெற்றிடங்களை விட்டு நிற்கின்றன. தட்டினால் இப்பிடிப்பு தளர்ந்து மாவு அமர்கிறது. சர்க்கரைப் படிகங்கள் பெரியவை; கொட்டும்போதே உருண்டு அமர்ந்துவிடுகின்றன.

மாவு டின்னுக்குள் கோப்பையை அழுத்தி மொண்டால் 150 கிராம்கூட ஏறிவிடும். 2 கோப்பையில் 60 கிராம் மிகை! பாஸ்டன் நகரச் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மர், 1896-இல் வெளியிட்ட தம் நூலில், தலை தட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அதனால் கோபுரமாகக் குவித்து அளக்கும் பிழை நீங்கியது. ஆனால் அழுத்தி நிரப்பும் பிழை நீங்கவில்லை. அதைத் தராசுதான் நீக்கும்.

மாற்றும் முறை

எடை (கிராம்) = கன அளவு (மி.லி.) × பரும அடர்த்தி

கன அளவு (மி.லி.) = எடை (கிராம்) ÷ பரும அடர்த்தி

சான்றாக, 250 கிராம் சர்க்கரை தேவை. தராசு இல்லை என்று கொள்வோம். 250 ÷ 0.84 = 298 மில்லி லிட்டர். அதாவது, 200 மில்லி லிட்டர் டம்ளரால் ஒன்றரை டம்ளர்.

உங்கள் வீட்டு டம்ளரில் மைதா, ரவை, சர்க்கரை, உப்பு ஆகியவற்றைத் தனித்தனியே நிரப்பி எடை போட்டு, ஓர் அட்டவணை தயாரியுங்கள். எப்படி நிரப்பினீர்கள் என்பதையும் மறவாமல் எழுதுங்கள். அதை எழுதாத அட்டவணை அடுத்தவருக்குப் பயன்படாது!