பெட்டியில் வந்த விதை

ஆடிப்பட்டத்திற்குச் சில வாரங்கள் முன்பு, திருத்தணியை அடுத்த கிராமம் ஒன்றில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. விதைத் தேர்வு பற்றி நான் பேசி முடித்ததும், பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் வேர்க்கடலை பிடுங்கியதும் கடன்காரர் களத்திலேயே வந்து நிற்கிறார். எல்லாவற்றையும் அளந்து கொடுத்துவிட்டு, விதைப்புக்கு எண்ணெய்க்கு வைத்த காயை வாங்கி உடைக்கிறோம். பாதி முளைக்கிறது, பாதி முளைப்பதில்லை. சிறு விவசாயி விதையை ஒதுக்கி வைப்பது எப்படி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்கு விடையாக, நாட்டைவிட்டே புறப்பட நேர்ந்தபோதும் விதையைக் கைவிடாத சில விவசாயிகளின் வரலாற்றை இங்கே தருகிறேன்.

யார் இந்த மென்னோனைட்டுகள்?

16-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டில் வாழ்ந்த மென்னோ சைமன்ஸ் என்பவரின் வழியைப் பின்பற்றிய கிறிஸ்தவப் பிரிவினர் மென்னோனைட்டுகள் எனப்படுவர். வயது வந்து, தாமே விரும்பிய பின்னரே ஞானஸ்நானம் பெறுவது, ஆயுதம் ஏந்துவதில்லை என்பது ஆகிய இரண்டும் இவர்களது முக்கியக் கொள்கைகள். இக்கொள்கைகளால் இவர்கள் நாடு விட்டு நாடு செல்ல நேர்ந்தது. ஹாலந்திலிருந்து பிரஷ்யாவுக்கும், அங்கிருந்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் ரஷ்யாவுக்கும் (இன்றைய உக்ரைன்) சென்று, மழை குறைந்த புல்வெளிகளைக் கழனிகளாக்கினர்.

1870-களில் ரஷ்ய அரசு எல்லோருக்கும் இராணுவ சேவையைக் கட்டாயமாக்கியது. கொள்கையை விட மனமின்றி, சுமார் 18,000 பேர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்தனர்.

வார்கென்டின் செய்த பணி

இவர்களுக்கு முன்னோடியாகச் சென்றவர்களில் ஒருவர் பெர்ன்ஹார்ட் வார்கென்டின். 1847-ல் தென் ரஷ்யாவின் ஆல்டோனாவ் கிராமத்தில் பிறந்த இவர், 1872-ல் நண்பர்களுடன் அமெரிக்கா சென்று நிலங்களைச் சுற்றிப் பார்த்தார். பின்னர் கான்சாஸ் மாநிலத்தில் ஹால்ஸ்டெட் என்ற ஊரில் தங்கி, மாவு ஆலை ஒன்றை நிறுவினார்.

வார்கென்டின் வசதியுள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். பின்னால் வரவிருந்த பலர் அப்படியல்லர். கப்பல் கட்டணத்துக்கே வழியில்லாத ஏழைகளும் அவர்களில் இருந்தனர். அவர்களுக்கு உதவ 1873-ல் சபையார் ஒரு குழு அமைத்தனர். வசதியுள்ளவர்கள் பணம் தந்தனர். குழு பயணத்துக்குக் கடன் கொடுத்து ஏற்பாடுகளைக் கவனித்தது. இக்குழுவின் பொறுப்பாளர்களில் வார்கென்டினும் ஒருவர்.

1874-ல் பெரும் கூட்டம் கான்சாசுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆண்டுதான் வெட்டுக்கிளிகள் அங்கிருந்த வயல்களை மொட்டையடித்திருந்தன. வந்தவர்கள் தங்கள் பெட்டிகளில் 'துருக்கிச் சிவப்பு' எனப் பின்னர் பெயர் பெற்ற கோதுமையின் விதையைக் கொண்டுவந்தார்கள் என்பது அவ்வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இந்த ரகம் இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு, குளிர்காலத்தில் பனிக்கடியில் உறங்கி, வசந்தத்தில் வளர்ந்து, கோடையின் கடும் வெயிலுக்கு முன்பே முற்றிவிடும். வறட்சியையும் குளிரையும் தாங்கவல்லது. ஆனால் மணி மிகக் கடினம். பழைய கல் ஆலைகளில் அரைப்பது சிரமமாக இருந்ததால், ஆலைக்காரர்கள் இதற்குக் குறைந்த விலையே கொடுத்தனர். எஃகு உருளை ஆலைகள் பரவிய பின்னரே நிலைமை மாறியது. வார்கென்டின் நியூட்டன் நகரிலும் ஆலை நடத்தி, இக்கோதுமைக்குச் சந்தை கிடைக்க உழைத்தார். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவிலிருந்து பெருமளவில் விதை தருவிப்பதிலும் முன்னின்றார். பெத்தேல் கல்லூரியை நிறுவியவர்களில் இவரும் ஒருவர். 1908-ல் வெளிநாட்டுப் பயணத்தின்போது, தற்செயலாக வெடித்த துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். ஆயுதம் தொடாத சபையில் பிறந்தவருக்கு இப்படியொரு முடிவு.

நம் நாட்டுக்கு வந்த உறவு

இந்தக் கோதுமைக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. ஜப்பானில் குட்டை ரகமான டாருமாவின் வழிவந்த கோதுமையுடன் துருக்கிச் சிவப்பை ஒட்டுச் சேர்த்து, 1935-ல் நோரின் 10 என்ற ரகத்தை வெளியிட்டனர். அதன் குட்டைக் குணத்தைப் பயன்படுத்தி, மெக்சிகோவில் டாக்டர் நார்மன் போர்லாக் புதிய ரகங்களை உருவாக்கினார். 1966-ல் நம் தமிழகத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது, மெக்சிகோ கோதுமை விதை 18,000 டன் இந்தியாவுக்கு வந்தது. பசுமைப் புரட்சிக்கு அது வித்திட்டது.

நாம் செய்ய வேண்டியது

பெரியவரின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. தனியொருவர் விதையைக் காப்பது கடினம்; சேர்ந்து காப்பது எளிது. பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் ஒரு குழுவாகச் சேருங்கள். களத்தில் கடனுக்கு அளக்கும் முன்பே விதைக்குரிய பங்கை ஒதுக்கி, பொது இடத்தில் சேமியுங்கள். அந்த மூட்டைகளை விற்பதில்லை என்று எல்லோரும் கட்டுப்பாடு செய்துகொள்ளுங்கள்.

1. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு தேவை. இதற்குச் சுமார் 80 கிலோ காய் ஒதுக்கவும்.

2. நோயின்றிச் செழித்து வளர்ந்த பகுதியிலிருந்தே விதைக்காய் எடுக்கவும். வேற்று ரகச் செடிகளை முன்பே களைந்துவிடவும்.

3. நன்கு காயவைத்து, காயாகவே சாக்கில் கட்டி, சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் அடுக்கவும். விதைப்பை ஒட்டியே கையால் உடைக்கவும். தோல் உரிந்த பருப்பை விதைக்கக் கூடாது.

4. விதைக்கும் முன் 100 பருப்பை ஈர மணலில் ஊன்றிப் பார்க்கவும். குறைந்தது 70 முளைக்க வேண்டும்.

5. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் வேரழுகல் குறையும்.

6. நகரி, புத்தூர்ப் பக்கத்துச் சம்பந்தி வீட்டிலிருந்து புது ரகம் கிடைத்தால், முதல் ஆண்டு பத்து சென்டில் மட்டும் போட்டுப் பார்க்கவும். காய் விலைபோகுமா என்று வியாபாரியிடமும் விசாரிக்கவும். துருக்கிச் சிவப்புக்கு முதலில் விலை கிடைக்காததை மறக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவர், "இந்த வருஷம் இரண்டு மூட்டையாவது தனியாக வைத்துப் பார்க்கிறேன், ஐயா" என்றார். அவரைப் போல் ஊருக்குப் பத்துப் பேர் முன்வந்தால், அடுத்த பட்டத்தில் எண்ணெய்க் காயை நம்பி விதைக்க வேண்டியதில்லை. குழு அமைப்பது பற்றியும் ரகங்கள் பற்றியும் அறிய, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயன் பெறலாம்.