மறைந்து நிற்கும் ளகரம்

நுழையும்முன்

பேச்சில் கேட்காத எழுத்து மொழியைவிட்டு நீங்கிவிட்டதாகப் பொருளாகாது. வட்டார வழக்கைப் பிழையென்று ஒதுக்காமல் உற்றுக் கேட்டால் அதனுள் இயங்கும் இலக்கணம் புலப்படும். அவ்வாறு கேட்கப் பழக்குகிறது இப்பாடம்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே அமைந்த ஊர் ஆமத்தூர். பட்டாசுத் தொழில் பரவியுள்ள பகுதி அது. மருந்திட்ட பட்டாசுகளை வெயிலில் உலர்த்த வேண்டும். மழை பெய்தால் வேலை நின்றுவிடும். "மள வந்தா வேல இல்ல" என்பது இப்பகுதியின் பேச்சு. "அக்கா வந்தா" என்பதும் அதே பேச்சுதான். முதல் தொடரில் 'வந்தா' என்பது 'வந்தால்' என்னும் நிபந்தனை எச்சம். அடுத்த தொடரில் அது 'வந்தாள்' என்னும் பெண்பால் வினைமுற்று. செவிக்கு இரண்டும் ஒன்றே. அவ்வாறாயின், பேசுவோர் விகுதியை மறந்துவிட்டனரா?

வளைநா ஒலியும் விகுதியும்

நாக்கின் நுனி மேல்நோக்கி வளையப் பிறக்கும் ஒலிகளை மொழியியலார் வளைநா ஒலிகள் என்பர். தமிழில் ட, ண, ள, ழ ஆகியவை அத்தகையன. நுனிநாக்கு வளைந்து அண்ணத்தை வருடுவதால் ழகரம் பிறப்பதைத் தொல்காப்பியப் பிறப்பியல் விளக்குகிறது. இந்நான்கும் தமிழ்ச் சொற்களுக்கு முதலாக வருவதில்லை. ளகரத்தைச் சொல்லின் இறுதியில் கொண்டு சேர்ப்பவற்றுள் 'ஆள்' என்னும் பெண்பால் விகுதியும் 'கள்' என்னும் பன்மை விகுதியும் முதன்மையானவை. பேச்சிலோ 'வந்தாள்' என்பது 'வந்தா' எனவும், 'மரங்கள்' என்பது 'மரங்க' எனவும், 'வந்தார்கள்' என்பது 'வந்தாங்க' எனவும் ஒலிக்கும்.

உயிர் வந்தால் மெய் தோன்றும்

இச்சொற்களோடு உயிரெழுத்தில் தொடங்கும் இடைச்சொல்லையோ உருபையோ சேர்த்துப் பார்ப்போம். "அக்கா வந்தாளா?" என்று வினவும்போது ளகரம் மீள்கிறது. "மள வந்தாலும் போகணும்" என்னும்போது லகரம் மீள்கிறது. 'வந்தாங்க' என்பது 'வந்தாங்களா' ஆகிறது. 'மரங்க' என்பது 'மரங்களுக்கு' ஆகிறது. பள்ளிக்கே செல்லாதவரும் இவ்விடங்களில் லகரத்தையும் ளகரத்தையும் மாற்றிக் கூறுவதில்லை. ஒலி மறைந்தாலும் விகுதி பற்றிய அறிவு மறையவில்லை என்பதற்கு இதுவே சான்று.

எனவே, எழுதும்போது 'வந்தால்', 'வந்தாள்' என்பவற்றுள் எது சரியென ஐயம் எழுந்தால், உம்மையையோ வினா ஆகாரத்தையோ சேர்த்துச் சொல்லிப் பார்க்கலாம். நம் பேச்சே விடை கூறும்.

ழகரத்தின் நிலை வேறு. தென்மாவட்டப் பேச்சு பலவற்றில் அது ளகரத்தோடு ஒன்றிவிட்டது. 'மழையா' என்று கேட்டாலும் 'மளையா' என்றே ஒலிக்கும். 'வாழை' என்னும் மரமும் 'வாளை' என்னும் மீனும் அங்கே ஒலியால் வேறுபடா. இவ்விடத்தில் செவி துணைசெய்யாது. எழுத்து வடிவத்தைப் பயின்று மனத்தில் இருத்துவதே வழி.

தெரிந்து தெளிவோம்

சீனத்தின் பெய்ஜிங் வட்டாரப் பேச்சில் சொல்லின் இறுதியில் வளைநா ரகரச் சாயல் கொண்ட விகுதி ஒன்று சேர்கிறது. பூவைக் குறிக்கும் 'ஹுவா' என்னும் சொல் 'ஹுவார்' என்பதுபோல ஒலிக்கும். குழந்தை என்னும் பொருளுடைய சொல்லே இவ்விகுதியாகத் தேய்ந்தது. அங்கே பேச்சில் வளைநா ஒலி வந்து சேர்கிறது. இங்கே ஈற்றில் மறைகிறது. இரண்டும் ஒழுங்குக்கு உட்பட்டே நிகழ்கின்றன.

வீட்டில் பேசும் மொழி இழிந்தது என்று எண்ணும் மாணவர் வகுப்பில் வாய் திறக்கத் தயங்குவர். அத்தயக்கத்துக்குக் காரணம் இல்லை. எழுத்து வழக்கின் வேறுபாடுகளைக் கற்றுக்கொள்வது நம் கடமை. அவற்றுள் பலவற்றைப் பேச்சு வழக்கு முன்பே நமக்குள் சேர்த்து வைத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பேச்சில் ஈற்று மெய் மறையும் சொற்கள் பத்தினைத் தொகுத்து, உயிரெழுத்தைச் சேர்க்கும்போது மீளும் மெய்யைக் குறிப்பிடுக.
2. உங்கள் வீட்டுப் பெரியோரின் பேச்சில் ழகரம் ஒலிக்கும் முறையைக் கேட்டு வகுப்பில் கலந்துரையாடுக.