பொட்டு வைத்த இடத்தில் வெளுப்பா?

நெல்லை டவுன் ரத வீதியில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்காத பெண் உண்டா? குளிக்கும்போது எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவோம். பிறகு அதையே எடுத்து நெற்றியில் வைப்போம். வருஷக்கணக்கில் அதே இடம்தான். ஒருநாள் பொட்டை எடுத்தால், அதே அளவுக்கு வட்டமாய் ஒரு வெளுப்பு!

"ஐயோ, குஷ்டமா?" என்று வீடே கலங்கிவிடும். கல்யாணத்துக்கு இருக்கிற பெண் என்றால் கேட்கவே வேண்டாம். மறைக்க இன்னும் பெரிய பொட்டாக ஒட்டிவிடுவார்கள். வினையே அதில்தான் இருக்கிறது.

இது தொழுநோய் அல்ல, யாருக்கும் தொற்றாது. பொட்டின் பசையில் பாரா டெர்ஷரி பியூட்டைல் பீனால் என்ற ரசாயனம் இருப்பதுண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின், டைரோசின் என்ற பொருளிலிருந்து உருவாகிறது. இந்த ரசாயனத்தின் அமைப்பும் கிட்டத்தட்ட டைரோசின் மாதிரியே இருப்பதால் நிறம் தரும் செல்கள் ஏமாந்துபோய் அதை ஏற்று, கடைசியில் தாங்களே மடிகின்றன. சிலருக்கு முதலில் அரிக்கும். சிலருக்கு அரிப்பே இல்லாமல் வெளுக்கும்.

எல்லாருக்கும் இப்படி வராது. வந்தால், அன்றைக்கே ஸ்டிக்கரை விட்டுவிடுங்கள். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் பலருக்கு நிறம் மெல்லத் திரும்புகிறது. விட்டுவைத்தால், பொட்டே படாத இடத்துக்கும் வெளுப்பு பரவலாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன களிம்பு வேண்டாம். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போங்கள், கையோடு அந்தப் பொட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு!

"அப்போ குங்குமம் வச்சுக்கிடுதேன்" என்பீர்கள். நல்லதுதான். ஆனால் எந்தக் குங்குமம்? மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லாருக்கும் தெரியும். மஞ்சளில் செய்த குங்குமத்தின் சூட்சுமமும் அதுவே. கடையில் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் பல சாயப்பொடிகள். அவை ஒத்துக்கொள்ளாவிட்டால் நெற்றி அரித்து, கறுத்துப்போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டை தாண்டினால் கேரளா. அங்கே மலப்புறம் மாவட்டத்தில் 2023-ல், சிவப்பழகு கிரீம் பூசிய சிலருக்குச் சிறுநீரகமே பாதித்தது. கிரீமில் இருந்தது பாதரசம்! தயாரித்தவர் பெயரோ முகவரியோ இல்லாத கிரீம் டப்பா உங்கள் வீட்டில் இருந்தால் பூசுவதை நிறுத்துங்கள். ஏற்கெனவே பூசியவருக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கிரீம் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அவராக அதைக் கேட்காமலும் போகலாம்.