பழைய மரமறுப்பு மெஷின் வாங்கும் முன்: ரங்கூன் தரும் பாடம்



போன மாதம் ஒரு தம்பி ஆலோசனை நேரத்துக்கு வந்தார். பர்மாத் தமிழர். இந்த நாட்டுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அடைக்கல வழக்கு இன்னும் முடியவில்லை. போனை எடுத்து ஒரு படம் காட்டினார்: பழைய பேண்ட் சா ஒன்று, பக்கத்தில் வின்ச் பூட்டிய லாரி.

"டீச்சர், யாங்கூன்ல மச்சான் மர மில் வைக்கப் போறார். பழைய மெஷின், பாதி விலை. இரண்டாயிரம் பவுண்ட் அனுப்பினா நானும் பங்காளி. காசு கூட்டாளிகள் கிட்ட வட்டிக்குக் கேட்டிருக்கேன். அனுப்பலாமா?"

நான் மெஷின் மெக்கானிக் இல்லை. யாங்கூனில் (எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன் என்றுதான் சொல்வோம்) பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். ஆனால் இதே தப்பை எங்கள் குடும்பம் ஒரு தடவை செய்திருக்கிறது. அதனால் தம்பிக்குச் சொன்னதை எல்லோருக்கும் பாடமாக எழுதுகிறேன். நீங்கள் யாழ்ப்பாணமாக இருந்தாலும் சரி, வேறு ஊராக இருந்தாலும் சரி, ஊரில் இருந்து "பழைய மெஷின், பாதி விலை" என்று போன் வந்தால் இந்தப் பாடம் உதவும்.

பாடம் 1: மெஷின் விலைக்கு முன், மரம் யாருடையது என்று கேளுங்கள்

பர்மாவில் தேக்கு சாதாரண மரம் இல்லை. ராஜா காலத்திலேயே அது அரண்மனைச் சொத்து. 1885-ல் மன்னர் தீபோவின் மந்திரி சபை, பாம்பே பர்மா கம்பெனி கணக்குக்கு மேல் மரம் எடுத்தது என்று சொல்லி 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து ஆங்கிலேயர் அந்த நவம்பரில் படை எடுத்தார்கள். மன்னர் ரத்னகிரிக்கு அனுப்பப்பட்டார், ராஜ்யம் போனது. (நம்ம திருநெல்வேலிப் பக்கம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் நடத்தியதும் அதே கம்பெனிதான்.) மரக்கணக்குத் தகராறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது போதும்.

ராஜா போன பிறகும் தேக்கு அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. நிற்கிற தேக்கு மரம் எங்கே இருந்தாலும் அரசுக்குச் சொந்தம் என்று 1992 வனச்சட்டம் சொன்னது. அறுவை மில், பிளைவுட் மில் வைப்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. 2018-ல் புதிய வனச்சட்டம் வந்தது. அதிலும் அனுமதி இல்லாமல் மில் நடத்த முடியாது. காட்டு மரத்தை வெட்டி விற்பது மியன்மா மர நிறுவனம் என்ற அரசு நிறுவனம். தனியார் மில்காரர் அதனிடம் ஏலத்தில்தான் உருட்டு மரம் எடுக்க வேண்டும். வனத்துறை சுத்தியல் முத்திரை இல்லாத மரம் உங்கள் முற்றத்தில் கிடந்தால், பெரும்பாலும் அது திருட்டு மரம் என்றே கணக்கு.

ஆகவே முதல் கேள்வி மெஷின் என்ன விலை என்பது இல்லை. மூன்று கேள்விகள்:

• அனுமதிப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? மெஷினை விற்றால் பத்திரமும் கூட வருமா?
• உருட்டு மரம் எங்கிருந்து வரும்? மாதம் எத்தனை டன்?
• வழியில் எத்தனை கேட்? ஒவ்வொரு கேட்டிலும் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும்?

சண்டை நடக்கிற பகுதி வழியாக மரம் வந்தால், மூன்றாவது கேள்விக்குப் பதில் வாரத்துக்கு வாரம் மாறும். காசு மட்டும் இல்லை, லாரி ஓட்டுகிற பிள்ளையின் உயிரும் அதில் இருக்கிறது.

பாடம் 2: ஏன் விற்கிறார்?

இது எங்கள் வீட்டுக் கதை. 2016 ஜனவரியில் எங்கள் சித்தப்பா ரங்கூனுக்கு வெளியே ஒரு பழைய பேண்ட் சா வாங்கினார். மெஷின் நல்ல மெஷின்தான், அதில் குறை சொல்ல முடியாது. சித்தியின் நகை, என் சம்பளத்தில் சேர்த்த கொஞ்சம், இரண்டு மாமாக்களின் காசு எல்லாம் அதில் போனது. விற்றவர் சிரித்த முகத்தோடு டீ வாங்கிக் கொடுத்தார். ஏன் விற்கிறீர்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருஷமே அரசாங்கம் நாடு முழுக்க மரம் வெட்டுவதை ஒரு வருஷத்துக்கு நிறுத்தியது. ரங்கூனுக்குப் பக்கத்தில் இருக்கிற பாகோ மலைத் தொடரில் பத்து வருஷத்துக்கு வெட்டக்கூடாது என்றது. காடு அழிந்துகொண்டிருந்தது, நிறுத்தியது நியாயம்தான். இரண்டு வருஷம் முன்னாலேயே, 2014 ஏப்ரல் 1 முதல், உருட்டு மர ஏற்றுமதிக்குத் தடை வந்திருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத்தான் தெரியவில்லை. இருப்பில் கிடந்த மரத்துக்குப் பெரிய மில்காரர்கள் போட்டி போட்டார்கள். எங்கள் மெஷின் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. இரண்டு மழைக்காலம் கழித்து எடைக்குப் போட்டோம். சித்தியின் வளையல் இன்னும் திரும்பவில்லை.

தவறு எங்களுடையது. பழைய மெஷின் மலிவாக வந்தால் காரணம் இரண்டில் ஒன்று: மெஷின் கெட்டிருக்கும், இல்லாவிட்டால் தொழில் கெட்டிருக்கும். நாங்கள் முதலாவதை மட்டும் சோதித்தோம்.

பாடம் 3: எல்லா டன்னும் ஒரே டன் இல்லை

இப்போது கொஞ்சம் கணக்கு. பேப்பர், பேனா எடுங்கள்.

பர்மாவில் உருட்டு மரத்தை ஹாப்பஸ் டன் கணக்கில் விற்பார்கள். நடுவில் சுற்றளவு எடுத்து, அதை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 50 ஹாப்பஸ் அடி ஒரு டன்.

உதாரணம்: சுற்றளவு 6 அடி, நீளம் 20 அடி.
6 ÷ 4 = 1.5
1.5 × 1.5 × 20 = 45 ஹாப்பஸ் அடி, அதாவது 0.9 டன்.

அந்த மரத்தின் உண்மையான கன அளவு ஏறக்குறைய 57 கன அடி. அதில் பட்டை, மரத்தூள், கோணல், பொந்து எல்லாம் கழித்துப் பாதி பலகையாக வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 28 கன அடி. அறுத்த பலகைக்கு 50 கன அடி ஒரு டன். அப்படியானால் 28 ÷ 50 = 0.56 டன்.

அதாவது 0.9 டன் வாங்கி, கூலியும் டீசலும் போட்டு, 0.56 டன் விற்கிறீர்கள். "டன் இவ்வளவுக்கு வாங்கி அவ்வளவுக்கு விற்கலாம், வித்தியாசம் லாபம்" என்று போனில் சொல்பவர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். நீங்களே கேளுங்கள்.

பாடம் 4: மெஷினைப் பார்ப்பது எப்படி

முதல் மூன்று பாடத்திலும் தேறினால் மட்டும் மெஷினுக்கு வாருங்கள். நீங்கள் இங்கே, மெஷின் அங்கே. போட்டோ போதாது. ஊரில் இருப்பவரை வீடியோ காலில் வைத்து, நிறுத்தாமல் காட்டச் சொல்லுங்கள்.

1. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். போனதும் முதலில் இன்ஜின் மேல் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் சந்தேகப்படுங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

2. பேண்ட் சாவில் பிளேடு முக்கியமில்லை, அது மாற்றுகிற பொருள். சக்கரம் தேய்ந்திருக்கிறதா, கையால் ஆட்டினால் பேரிங் ஆடுகிறதா என்று பாருங்கள். மரம் போகிற தண்டவாளத்துக்கு நூல் பிடித்துப் பாருங்கள். பிறகு ஒரு மரத்தைக் கண்முன்னே அறுக்கச் சொல்லி, பலகையின் இரண்டு முனையிலும் நடுவிலும் கனம் அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் வாங்குகிறவரும் உங்கள் பலகையை வாங்க மாட்டார்.

3. வின்ச் கம்பியில் அறுந்த இழை, நசுங்கிய இடம், துரு பாருங்கள். பாரத்தைத் தூக்கி நிறுத்தினால் பிரேக் பிடித்து நிற்க வேண்டும். இது உயிர் விஷயம்.

4. எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை நம்பாதீர்கள், மாற்றலாம். பெடல், சீட், செயின் பல் தேய்ந்த அளவைப் பாருங்கள்.

5. இன்ஜின் நம்பரும் காகிதத்து நம்பரும் ஒன்றா? நம்பர் இருக்கிற இடத்தில் மட்டும் புது பெயிண்ட் என்றால் திருட்டு மெஷினாக இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் என்றால் சுங்கம் கட்டிய காகிதத்தைக் கேளுங்கள்.

6. கரண்ட். 2021-க்குப் பிறகு யாங்கூனில் மின்வெட்டு எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 50 குதிரைத்திறன் மோட்டார் ஓட 37 கிலோவாட் வேண்டும். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் பல மடங்கு இழுக்கும். அதற்கு ஏற்ற ஜெனரேட்டரும் டீசலும் மெஷின் விலையோடு சேர்த்து எழுதுங்கள். "பாதி விலை" அப்போது முழு விலை ஆகிவிடும்.

முழுக்காசும் முன்பணமாக ஒருபோதும் கொடுக்கக்கூடாது.

பாடம் 5: இங்கிருந்து காசு அனுப்பினால்

இதுதான் உங்களுக்கு மிக முக்கியம். இங்கே பிரிட்டனில் இருக்கிறவர்கள் கவனமாகப் படியுங்கள்.

முதலாவது, 2021 ஏப்ரலில் அமெரிக்காவும், அதே வருஷம் ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் மியன்மா மர நிறுவனத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்தன. நேராகவோ சுற்றி வளைத்தோ உங்கள் காசு அந்த நிறுவனத்துக்குப் போனால் இங்கே அது குற்றம். மச்சான் மில்லுக்கு மரம் எங்கிருந்து வரும் என்று பாடம் 1-ல் கேட்டோமே, அது இங்கேதான் வந்து நிற்கிறது.

இரண்டாவது, 2022 அக்டோபரில் மியன்மார் சர்வதேச நிதிக் கண்காணிப்பு அமைப்பின் கருப்புப் பட்டியலில் சேர்ந்தது. வங்கிகள் கேள்வி கேட்கும். அதோடு அரசு சொல்லும் டாலர் விலை 2022 ஆகஸ்டில் 2,100 க்யாட் என்று வைக்கப்பட்டது. வெளிச்சந்தையில் 2024-ல் அது இரண்டு மடங்குக்கு மேல் போனது. அதனால் "உண்டியல்ல போடுங்க" என்பார்கள். பதிவில்லாத உண்டியல் இங்கே சட்ட விரோதம், காசு தொலைந்தால் புகார் கொடுக்கவும் முடியாது.

மூன்றாவது, அடைக்கல வழக்கு நடக்கும்போது தொழில், வியாபாரம் செய்யக்கூடாது என்று உங்கள் காகிதத்தில் நிபந்தனை இருக்கலாம். வேலை அனுமதி கிடைத்தவர்களுக்கும் சொந்தத் தொழிலுக்கு அனுமதி வருவதில்லை. ஹோம் ஆபீஸ் உதவிப்பணம் வாங்குகிறவர்கள் கையில் உள்ள காசு, சொத்து, பங்கு எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும். "சாப்பாட்டுக்குக் கஷ்டம், ஆனால் ஊரில் மில்லில் பங்கு" என்றால் உங்கள் பேச்சை எப்படி நம்புவார்கள்? விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே சொலிசிட்டரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீங்க, காசும் அனுப்பாதீங்க.

தம்பி என்ன செய்தார்?

அன்று ராத்திரியே மச்சானுக்குப் போன் போட்டு, அனுமதிப் பத்திரம் யார் பெயரில் என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டார். மச்சான் விசாரித்தார். பத்திரம் விற்பவர் பெயரில், மெஷினோடு வராது. தம்பி வட்டிக்கு வாங்கவில்லை. மச்சானுக்குக் கோபம், இரண்டு வாரம் பேசவில்லையாம். பிறகு அவரே கூப்பிட்டு, "நல்ல வேளை கேட்டே" என்றாராம்.

ஊரில் இருப்பவர்களுக்கு உதவ வேண்டும் என்ற மனசு தப்பில்லை. "இல்லை மாமா, முடியாது" என்று சொல்வது நமக்குக் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இல்லை என்று சொல்ல வேண்டாம், கேள்வி கேளுங்கள். பதில் வராத இடத்தில் காசும் போகாது.

பயிற்சி (குடும்பத்தோடு செய்து பாருங்கள்)

1. சுற்றளவு 4 அடி, நீளம் 25 அடி உள்ள மரம் எத்தனை ஹாப்பஸ் அடி? எத்தனை டன்? (விடை: 25 ஹாப்பஸ் அடி, அரை டன்.)
2. மெஷினை விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எது?
3. உங்கள் ஹோம் ஆபீஸ் கடிதத்தை எடுங்கள். வேலை, தொழில் பற்றி என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது? புரியாவிட்டால் கடிதத்தோடு ஆலோசனை நேரத்துக்கு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.