பியானோ வாசிப்பவரோடு பாலே வகுப்பு

பரதநாட்டிய ஆசிரியர் கையில் தட்டுக்கழி இருக்கிறது. காலப்பிரமாணம் அவர் வசம். பாலே வகுப்பில் அசைவைச் சொல்வது ஒருவர், இசை தருவது இன்னொருவர். அந்த இசையும் பல நேரங்களில் அங்கேயே, அப்போதே பிறக்கிறது. பியானோ வாசிக்கும் அந்த இன்னொருவரோடு பணியாற்றும்போது பாலே ஆசிரியர்கள் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும் உண்டு.

செய்ய வேண்டியவை

• அசைவைச் செய்துகாட்டும்போதே, வேண்டிய வேகத்தில் எண்ணுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். உங்கள் குரலையும் காலையும் கவனித்துத்தான் அவர் வேகத்தைப் பிடிக்கிறார். மாணவர்களுக்காக நிதானமாக விளக்கியிருந்தால், கடைசியில் ஓர் எட்டு எண்ணிக்கையையாவது சரியான வேகத்தில் பாடிக் காட்டுங்கள். ராகம் சேராவிட்டாலும் பரவாயில்லை.

• எந்தத் தாளம், எந்தக் குணம் என்று சொல்லுங்கள். ‘வால்ட்ஸ்’ என்று மட்டும் சொன்னால் போதாது. தரையில் கால் வட்டமிடும் ரோன் த ஜாம்புக்கு வழுக்கிச் செல்லும் வால்ட்ஸ் வேண்டும். பெரிய தாவல்களுக்கு ஆளையே மேலே தூக்கிவிடும் வால்ட்ஸ் வேண்டும். தரையைக் காலால் தட்டும் ஃப்ராப்பேக்கு வெடுக்கென்ற 2/4. பாலே நடன அமைப்பாளர் பாலன்ஷீன் இசைப்பள்ளியில் பியானோ பயின்றவர். எல்லோருக்கும் அது வாய்க்காது. 3/4, 6/8 வேறுபாடு காதில் விழுந்தாலே பாதி வேலை முடிந்தது.

• முன்னிசை எத்தனை எண்ணிக்கை, மாணவர்கள் நிற்காமல் மறுபக்கம் திரும்புவார்களா, முடிவில் குதிகால் உயர்த்தி நிற்க இன்னோர் எட்டு வேண்டுமா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

• வகுப்பு முடிவில் மாணவர்கள் பியானோ வாசிப்பவருக்கும் நன்றி சொல்லட்டும்.

செய்யக்கூடாதவை

• இசைக்கு மேல் கைதட்டியும் விரல் சொடுக்கியும் வேகத்தை இழுக்காதீர்கள். மாணவர்களின் காது உங்கள் கைக்குப் பழகிவிடும். பியானோவைக் கேட்கவே மாட்டார்கள். வேகம் பொருந்தவில்லையென்றால் நிறுத்தி, சொல்லி, மறுபடி தொடங்குங்கள்.

• மாணவர் தடுமாறினால் பழியை இசைமேல் போடாதீர்கள். உயரமாகத் தாவுபவருக்கு இறங்கிவரக் கூடுதல் நேரம் வேண்டும். ஆண்களின் அலெக்ரோ (தாவல் பயிற்சி) நிதானமாக இருப்பது அதனால்தான். காரணத்தைச் சொன்னால் பியானோ வாசிப்பவரே வேகத்தை மாற்றிக்கொள்வார்.

• ‘ஸ்வான் லேக்’ போன்ற மேடைப் படைப்புகளின் இசையை அன்றாடப் பயிற்சிக்குக் கேட்காதீர்கள். மாணவர்களின் உடல் மேடையில் ஆடியதையே தேடும்.

• திருத்தம் சொல்ல நிறுத்தினால், மாணவர்களிடம் மட்டும் பேசிவிட்டுச் சட்டென்று எண்ணத் தொடங்காதீர்கள். ‘இடது பக்கம், கடைசி எட்டு’ என்று பியானோ வரை கேட்கும்படி சொல்லுங்கள்.