சுற்றளவும் பரப்பும்

ஓர் உருவின் ஓரத்தையே பற்றி நடந்து, புறப்பட்ட இடத்தை மீண்டும் அடையுங்கால், கடந்த தூரமே அதன் சுற்றளவாம். நீள்சதுரத்திற்கு நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரட்டித்தால் போதும். இதில் இடர்ப்பாடு ஒன்றுமில்லை.

வட்டத்திற்கோ கூட்டுதற்குப் பக்கமில்லை. பழந்தமிழ்க் கணக்குச் செய்யுளொன்று இதற்கு வழி கூறுகின்றது: விட்டத்தை ஏழு கூறாக்கி, அவற்றுள் நான்கு கூற்றின் அளவை விட்டத்தோடு சேர்த்து, வந்ததை இரட்டிக்க வேண்டும். விட்டம் 14 முழமாயின், ஒரு கூறு 2, நான்கு கூறு 8, கூட்ட 22, இரட்டிக்க 44. பள்ளியில் நாம் உருப்போட்ட 22/7 என்பதும் இதுவேயன்றோ! உண்மையளவினும் இம்மி மிகுமாயினும் வேலி கட்டுவோனுக்கு அது போதும்.

இனி, 44 முழக் கயிறொன்றை நிலத்தில் வளைப்போம். நீளம் 20, அகலம் 2 ஆக வளைப்பின் உள்ளடங்குவது 40 சதுர முழமே. பக்கம் 11 ஆகச் சதுரமாக்கின் 121. வட்டமாக்கினாலோ ஏறக்குறைய 154! கயிறு ஒன்றே, நிலமோ நான்கு மடங்களவு வேறுபடுகின்றது. சுற்றளவைப் பரப்பென மயங்கித் தேர்வில் மதிப்பெண் இழந்தோர் நம்முள் உளர், அவ்விழப்புச் சிறிது. நிலம் வாங்கச் சென்று, வரப்பைச் சுற்றி நடந்த அளவுகொண்டே விலை பேசுவோமாயின், 154 முழத்திற்குரிய பணத்தை 40 முழத்திற்குக் கொடுத்து மீள நேரும்.